சொன்ன பிறகு என்ன நடந்தது?
தன்பாலீர்ப்பு விளையாட்டு வீரர்கள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஒரு விளையாட்டு வீரர் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னால் உடனே இரண்டு குரல்கள் எழும். ஒரு தரப்பு ‘என்ன துணிச்சல்’ என்று கைதட்டும். இன்னொரு தரப்பு ‘இதையெல்லாம் வெளியில் சொல்வார்களா’ என்று முகம் சுளிக்கும். நாலு நாளில் இரண்டும் ஓய்ந்துவிடும். கவனிக்க வேண்டியதெல்லாம் அதற்குப் பிறகு நடப்பவைதான். அடுத்த சீசனில் அவருக்கு இடம் கிடைத்ததா? எதிரணி ரசிகர்கள் என்ன கத்தினார்கள்? கிளப் என்ன செய்தது? இந்த விஷயத்தில் பலருக்கும் எழும் சந்தேகங்களுக்கு, சொன்ன பிறகு நடந்தவற்றை வைத்தே பதில் தேடலாம்.

வீரரின் வேலை விளையாடுவது. படுக்கையறைச் சமாச்சாரத்தை ஏன் ஊரறியச் சொல்ல வேண்டும்?

மற்ற வீரர்கள் சொல்லாமலா இருக்கிறார்கள்? சதம் அடித்ததும் கேலரியில் இருக்கும் மனைவியை நோக்கி முத்தத்தைப் பறக்கவிடுகிறார்கள். கல்யாண ஆல்பம் பத்திரிகைகளில் வருகிறது. கோப்பையைத் தூக்கும் மேடைக்குக் குடும்பமே ஏறுகிறது. அதைப் படுக்கையறைச் சமாச்சாரம் என்று யாரும் சொல்வதில்லை. குடும்பப் பாசம் என்கிறோம்.

பிரேசில் டென்னிஸ் வீரர் ஜோவா லூகாஸ் ரெய்ஸ் டா சில்வா 2024 டிசம்பரில் தன் காதலருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி இன்ஸ்டாகிராமில் படம் போட்டார். அவர் எதையும் அறிவிக்க நினைக்கவில்லை. அவருடைய வீட்டுக்கும் நண்பர்களுக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான் அது. மறுநாள் பார்த்தால், தொழில்முறை ஆண்கள் டென்னிஸில் ஆடிக்கொண்டிருக்கும்போதே வெளிப்படையாகச் சொன்ன முதல் வீரர் என்று உலகச் செய்தியாகிவிட்டது. அதே படத்தை இன்னொருவர் போட்டிருந்தால் வெறும் பிறந்தநாள் வாழ்த்து.

சொல்லாமல் இருப்பதற்கும் உழைப்பு வேண்டும். அமெரிக்கக் கூடைப்பந்தின் என்.பி.ஏ. தொடரில் 12 சீசன் ஆடிய ஜேசன் காலின்ஸ் 2013 ஏப்ரலில்தான் பொதுவெளியில் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு வரை, தன்னைப் போலவே என்.பி.ஏ. வீரராக இருந்த இரட்டைச் சகோதரருக்கே அவர் சொல்லியிருக்கவில்லை. விருந்துக்கு யாரை அழைத்துப் போவது, வார இறுதியில் எங்கே போனாய் என்று கேட்டால் என்ன கதை சொல்வது, போனில் யார் என்றால் யார் பெயரைச் சொல்வது என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டு வாழ்வதற்கு அந்தரங்கம் என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

சொன்னால் வாய்ப்பு பறிபோகும் என்கிறார்களே, உண்மையா?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பேஸ்பால் வீரர் கிளென் பர்க் 1977 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். சக வீரர் டஸ்டி பேக்கர் சீசனின் 30ஆவது ஹோம் ரன்னை அடித்துவிட்டு ஓடிவர, பர்க் கையை உயரத் தூக்கினார். பேக்கர் அதில் ஓங்கித் தட்டினார். இன்று விக்கெட் விழுந்ததும் நம் பையன்கள் செய்யும் ‘ஹை ஃபைவ்’ அங்கேதான் பிறந்தது என்று பலரும் சொல்வதுண்டு. பர்க்கைப் பற்றி அணிக்குள் தெரிந்திருந்தது. கல்யாணம் செய்துகொண்டால் 75,000 டாலர் தருவதாக நிர்வாகி ஒருவர் ஆசை காட்டினார் என்று அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1978இல் அவரை ஓக்லண்ட் அணிக்கு மாற்றினார்கள். முப்பது வயது ஆகுமுன்பே ஆட்டம் முடிந்தது. பொதுவெளியில் அவர் சொன்னது 1982இல், எல்லாம் போன பிறகு. அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பாலில், ஆடும் காலத்திலேயே பொதுமக்களிடம் சொன்ன வீரர் இன்றுவரை இல்லை.

இங்கிலாந்து கால்பந்தில் ஜஸ்டின் ஃபஷானு கதை இதைவிடக் கசப்பானது. பத்து லட்சம் பவுண்டுக்கு விலைபோன முதல் கறுப்பின வீரர் அவர்; ஆண்டு 1981. அவர் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் விடுதிகளுக்குப் போவது தெரிந்ததும், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மேலாளர் பிரையன் கிளஃப் அவரைப் பயிற்சியிலிருந்தே ஒதுக்கினார். 1990 அக்டோபரில் ஃபஷானு பத்திரிகை வழியாகச் சொன்னபோது, அவருடைய தம்பியும் கால்பந்து வீரருமான ஜான் பகிரங்கமாகவே அவரைக் கைவிட்டார். பின்னாளில் அதற்காக வருந்தினார். 1998 மே மாதம், அமெரிக்காவில் தன்மீது எழுந்த ஒரு பாலியல் புகாருக்குப் பிறகு, ஜஸ்டின் தற்கொலை செய்துகொண்டார். அந்தச் சாவை முழுக்கக் கால்பந்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் அவருக்குப் பிறகு பிரிட்டனில் தொழில்முறை ஆண்கள் கால்பந்தில் ஆடும் காலத்திலேயே இன்னொருவர் வாய் திறக்க 2022 மே வரை ஆனது. அவர் பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ். அப்போது அவருக்கு வயது 17.

அண்மைக் காலக் கணக்கு கலவையானது. மிசோரி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சாம் 2014இல், அமெரிக்கக் கால்பந்தின் ‘டிராஃப்ட்’ தேர்வுக்கு முன்பாகவே சொன்னார். தன் கல்லூரிப் பிரிவின் சிறந்த தற்காப்பு வீரர் விருதை அப்போதுதான் இன்னொருவரோடு பகிர்ந்திருந்தார். 256 பேர் எடுக்கப்பட்ட தேர்வில் அவருக்குக் கிடைத்தது 249ஆவது இடம். அமெரிக்கக் கால்பந்தின் முதல்நிலை லீகில் முறையான போட்டி ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. தொழில்முறை ஆட்டத்துக்கு அவர் உடல்வாகும் வேகமும் போதாது என்ற நிபுணர்களும் உண்டு. அதில் உண்மை இருக்கலாம். சிக்கலே அதுதான்: புறக்கணிப்பு இந்த இடத்தில் கையும் களவுமாகப் பிடிபடுவதே இல்லை.

காலின்ஸுக்கும் அப்படித்தான். அறிவித்த பிறகு அவரைப் பல மாதங்கள் எந்த அணியும் எடுக்கவில்லை. 35 வயதுக்காரரை எடுக்காததில் என்ன ஆச்சரியம் என்றும் கேட்கலாம். 2014 பிப்ரவரியில் புரூக்ளின் நெட்ஸ் பத்து நாள் ஒப்பந்தம் கொடுத்தது. பயிற்சியாளர் ஜேசன் கிட், அவரோடு முன்பு ஒரே அணியில் ஆடியவர். காலின்ஸ் கேட்டு வாங்கிய சட்டை எண் 98. 1998இல் வயோமிங் மாநிலத்தில், தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்ட மாணவர் மேத்யூ ஷெப்பர்டின் நினைவாக. அந்தச் சட்டைதான் அப்போது என்.பி.ஏ. கடையில் பரபரப்பாக விற்றது.

கார்ல் நாசிப் கதை இன்னும் எளிமையாகப் போயிற்று. அமெரிக்கக் கால்பந்தில் லாஸ் வேகஸ் ரைடர்ஸ் அணிக்காக ஆடிக்கொண்டிருந்த அவர் 2021 ஜூனில் வீட்டு வாசலில் நின்று ஒரு சிறு வீடியோ எடுத்துச் சொன்னார். இளையோர் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். செப்டம்பரில் சீசனின் முதல் ஆட்டம், பால்டிமோர் அணியுடன். கூடுதல் நேரத்தில் எதிரணியின் நட்சத்திரம் லமார் ஜாக்சன் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டவர் நாசிப். ரைடர்ஸ் ஜெயித்தது. அடுத்த ஆண்டு டாம்பா பே அணி அவரை எடுத்தது. செக் நாட்டின் சர்வதேசக் கால்பந்து வீரர் யாகுப் யாங்க்டோ 2023 பிப்ரவரியில் சொன்னார். சில மாதங்களில் இத்தாலியின் முதல் பிரிவில் காலியாரி அணிக்கு ஆடப் போனார்.

உடை மாற்றும் அறையில் மற்றவர்களுக்குச் சங்கடம் ஏற்படாதா?

இந்தப் பயம் ஒவ்வொரு முறையும் கிளம்புகிறது. ஒவ்வொரு முறையும் புஸ்வாணமாகிறது. சொல்வதற்கு முந்தைய நாளும் அவர் அதே அறையில்தான் இருந்தார். இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் விக்கெட் கீப்பர் ஸ்டீவன் டேவிஸ் 2011 பிப்ரவரியில் செய்தித்தாளுக்குச் சொன்னார். ஆனால் அதற்கு முன்பே, 2010-11 ஆஷஸ் தொடருக்குப் புறப்படும்போதே, அணியினருக்கு விஷயம் தெரியும். ஆஸ்திரேலியாவில் அந்த அணி தொடரை 3-1 என்று வென்று திரும்பியது. சங்கடம் என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை.

பெண்கள் அணிகளில் இது சகஜமாகிவிட்டதே! ஆண்களிடம் மட்டும் ஏன் இவ்வளவு மௌனம்?

பெண்களுக்கும் சும்மா கிடைத்துவிடவில்லை. 1981இல் பில்லி ஜீன் கிங்கின் உறவு, முன்னாள் துணைவர் தொடுத்த வழக்கால் வெளியே இழுக்கப்பட்டது. விளம்பர ஒப்பந்தங்கள் மளமளவென்று கைவிட்டுப் போயின. அதே ஆண்டு மார்ட்டினா நவ்ரத்திலோவாவின் விஷயமும் செய்தித்தாளில் வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து தொடர்ந்து ஆறு முறை விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்ற ஒருவருக்கு, அந்தப் புகழுக்குத் தகுந்த விளம்பரங்கள் அமெரிக்காவில் வரவே இல்லை.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. வியர்வையும் தசையுமாக ஆடும் பெண்ணைச் சமூகம் எப்படியும் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது; ‘ஆம்பளை மாதிரி’ என்ற ஏச்சை எல்லாப் பெண்களுமே வாங்கினார்கள். ஆகவே சொல்வதால் புதிதாக இழப்பதற்குக் குறைவாகவே இருந்தது. ஆண்கள் விளையாட்டில் நிலைமை தலைகீழ். அங்கே ஆட்டமே ஆண்மைக்கான சான்றிதழாக விற்கப்படுகிறது. நம் ஊர் மைதானத்தில் கேட்ச் விட்டவனைத் திட்டும்போது முதலில் வாயில் வரும் வார்த்தை எது என்று நினைத்துப் பாருங்கள். அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்த பையன், அது தன்னைப் பற்றியது என்று தெரிந்தால் எப்படி வாய் திறப்பான்?

கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்ளலாம். 2018இல் தென்னாப்பிரிக்காவின் டேன் வான் நீகெர்க்கும் மரிஸான் காப்பும் திருமணம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் மகளிர் டி20 உலகக் கோப்பையில், இலங்கைக்கு எதிராக இருவரும் சேர்ந்து பேட் செய்து ஆட்டத்தை ஜெயிக்க வைத்தார்கள். நியூசிலாந்தின் ஏமி சாட்டர்த்வைட்டும் லியா தஹுஹுவும் தம்பதியர்; குழந்தை பெற்றுக்கொண்டு மீண்டும் ஆட வந்தவர் சாட்டர்த்வைட். 2022இல் மணம் முடித்த இங்கிலாந்தின் நாட் சிவரும் கேத்தரின் பிரண்டும் இன்று ஒரே குடும்பப் பெயரைச் சுமக்கிறார்கள். 2023இல் மகளிர் பிரீமியர் லீகின் முதல் இறுதிப் போட்டியில், ஆட்டமிழக்காமல் 60 ரன் அடித்து மும்பை இந்தியன்ஸுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் அந்த நாட் சிவர்-பிரண்ட்தான். பிரபோர்ன் மைதானத்தில் ஆரவாரம் செய்த நம் ரசிகர்களில் யாரும் அவர் யாரை மணந்திருக்கிறார் என்று கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆண்கள் பக்கத்திலோ, ஸ்டீவன் டேவிஸுக்குப் பிறகு ஒரு நீண்ட வெறுமை. 1990களில் ஆடிய நியூசிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஹீத் டேவிஸ் சொன்னது 2022இல், ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பிறகு. இந்திய ஆண்கள் அணியில் இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஒலிம்பிக்கில் வெளிப்படையாக இருந்தவர்களை ‘அவுட்ஸ்போர்ட்ஸ்’ என்ற அமெரிக்க இணைய இதழ் எண்ணி வருகிறது. 2016 ரியோவில் 56. டோக்கியோவில் 180க்கும் மேல். இரண்டிலும் பெரும்பகுதி பெண்கள்.

சக வீரர்கள், கிளப்புகள், சங்கங்கள் எல்லாரும் ஆதரவு தருவதாகச் சொல்கிறார்களே. பிறகு என்ன தடை?

சொல்கிறார்கள் என்பது உண்மைதான். 2021இல் ஜெர்மனியில் 800க்கும் மேற்பட்ட கால்பந்து வீரர்களும் வீராங்கனைகளும் ஒரு பத்திரிகையில், நீங்கள் சொன்னால் நாங்கள் துணை நிற்போம் என்று அறிவித்தார்கள். முன்னாள் இளையோர் அணி வீரர் மார்கஸ் ஊர்பன் 2024 மே 17ஐ நாள் குறித்து, எல்லாரும் ஒன்றாக வெளியே வருவோம் என்று அழைத்தார். அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்த ஆண்கள் பிரிவு நட்சத்திரம் ஒருவர்கூட வரவில்லை. 52 முறை ஜெர்மனிக்கு ஆடிய தாமஸ் ஹிட்ஸ்ல்ஸ்பெர்கர்கூட 2014இல் சொன்னது ஓய்வுக்குப் பிறகுதான்.

அணித் தோழனைப் பற்றிய பயம் குறைந்திருக்கலாம். எதிரணி கேலரியைப் பற்றிய பயம் குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு யுனைடெட் வீரர் ஜோஷ் கவாலோ 2021 அக்டோபரில் சொன்னபோது உலகெங்கிலுமிருந்து வாழ்த்து குவிந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, மெல்பர்னில் ஒரு ஆட்டத்தில் எதிரணி ரசிகர்கள் அவரை வசை பாடினார்கள். எதிரணியான மெல்பர்ன் விக்டரி கிளப்புக்கு விதித்த அபராதம் 5,000 ஆஸ்திரேலிய டாலர். தொழில்முறைக் கிளப்புக்கு அது டீச்செலவு.

இன்னொரு தடையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கால்பந்து வீரர் இன்று இங்கிலாந்தில், நாளை துருக்கியில், மறுநாள் வளைகுடாவில் சம்பளம் வாங்குகிறவர். தன்பாலீர்ப்பைக் குற்றமாக வைத்திருக்கும் நாடுகளும் அந்தச் சந்தையில் உண்டு. சொன்ன மறுகணமே அவருடைய சந்தை சுருங்குகிறது. முகவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கத்தாரில் உலகக் கோப்பை ஆடப் போவதற்கே பயமாக இருக்கும் என்று கவாலோ சொன்னார். அந்த 2022 உலகக் கோப்பையில் ஏழு ஐரோப்பிய அணிகளின் தலைவர்கள் ஆதரவைக் காட்டும் வண்ணக் கைப்பட்டை அணியப் போவதாக அறிவித்திருந்தார்கள். மஞ்சள் அட்டை காட்டப்படும் என்று ஃபிஃபா எச்சரித்ததும் கழற்றி வைத்துவிட்டார்கள். ஆதரவின் விலை ஒரு மஞ்சள் அட்டையைத் தாண்டவில்லை.

தாண்டிய ஒரு அணியும் உண்டு. 2020 செப்டம்பர் 30, அமெரிக்காவின் இரண்டாம் நிலைக் கால்பந்து லீக். சான் டியாகோ லாயல் அணியில் ஆடிய காலின் மார்ட்டின் 2018 முதலே வெளிப்படையாக இருப்பவர். ஃபீனிக்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் எதிரணி வீரர் ஒருவர் தன்னை இழிசொல்லால் திட்டியதாக அவர் நடுவரிடம் முறையிட்டார். அந்த வீரர் அதை மறுத்தார். விசாரணைக்குப் பின் லீக் அவரை ஆறு ஆட்டங்களுக்குத் தடை செய்தது. ஆனால் அன்றிரவு மைதானத்தில் எந்தத் தண்டனையும் இல்லை. சான் டியாகோ அப்போது 3-1 என்று முன்னிலையில் இருந்தது. ஜெயித்தால் அடுத்த சுற்றுக்கான நம்பிக்கை உயிரோடு இருக்கும். பயிற்சியாளர் லேண்டன் டோனவன் நடுவரிடமும் எதிரணிப் பயிற்சியாளரிடமும் நீண்ட நேரம் வாதாடினார். திட்டியவரைக் களத்திலிருந்து எடுங்கள் என்றார். அவர்கள் எடுக்கவில்லை. இரண்டாம் பாதி தொடங்கியதும் சான் டியாகோ வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக மைதானத்தை விட்டு நடந்து வெளியேறினார்கள். ஆட்டமும் போனது, சீசனும் போனது. இந்தப் பொருளில் வெளியான அறிக்கைகளையெல்லாம் ஒரு தட்டில் வைத்து இந்த ஒரு வெளியேற்றத்தை மறு தட்டில் வைத்தால், எடை எந்தப் பக்கம் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

மத நம்பிக்கை காரணமாக ஒரு வீரருக்கு இதில் உடன்பாடு இல்லை என்றால்? அவரைக் கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. இப்ஸ்விச் அணித் தலைவர் சாம் மோர்சி 2024 டிசம்பரில் தன் சமய நம்பிக்கையைக் காரணம் காட்டி வானவில் கைப்பட்டையை அணியவில்லை. கிளப் அதை மதித்தது. அதில் தவறு காண எனக்கு எதுவும் இல்லை. பட்டை அணிய மறுப்பது வேறு, சக மனிதனைத் திட்டுவது வேறு. நம் பட்டிமன்றங்கள் இரண்டையும் ஒன்றாக்கித்தான் சண்டை வளர்க்கின்றன.

இதைக் குளறுபடியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிட்னியின் மேன்லி ரக்பி லீக் கிளப் உதாரணம். 2022 ஜூலையில் ஓர் ஆட்டத்துக்கு மட்டும் வானவில் கோடுகள் போட்ட சட்டையை அறிமுகப்படுத்தினார்கள், வீரர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே. ஏழு பேர் ஆட மறுத்தார்கள். பயிற்சியாளர் இரு தரப்பிடமும் மன்னிப்புக் கேட்டார். மீதியிருந்தவர்களை வைத்து ஆடித் தோற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், இதே மேன்லி அணியில் ஆடிய இயன் ராபர்ட்ஸ் 1995லேயே சொன்னவர். ரக்பி லீகில் அவர்தான் முதல் ஆள்.

ஒருவரின் மனம் இதில் உண்மையிலேயே மாறுமா?

மாறிய உதாரணம் உண்டு. முன்னாள் என்.பி.ஏ. வீரர் ஜான் அமேச்சி 2007இல் சொன்னபோது, தன்பாலீர்ப்பாளர்களை வெறுக்கிறேன் என்று வானொலியில் பேசினார் பழைய நட்சத்திரம் டிம் ஹார்டவே. என்.பி.ஏ. அவரைத் தன் விழா நிகழ்ச்சிகளிலிருந்து நீக்கியது. ஹார்டவே பிறகு தன்பாலீர்ப்பாளர்களுக்கான உதவி அமைப்புகளுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். 2013இல் ஃபுளோரிடாவில் தன்பாலினத் திருமணத்துக்கு ஆதரவான மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர் அவர். கோபி பிரையன்ட்டும் அப்படித்தான். 2011இல் நடுவரை இழிசொல்லால் திட்டி ஒரு லட்சம் டாலர் அபராதம் கட்டியவர், இரண்டு ஆண்டு கழித்துக் காலின்ஸை வெளிப்படையாகப் பாராட்டினார். அபராதமும் உதவுகிறது, ஆளைத் தெரிந்துகொள்வது அதைவிட உதவுகிறது.

புதுக்கோட்டை சாந்திக்கு நடந்ததும் இதுவும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளியைப் பறித்தது பாலினச் சோதனை. அது ஒருவரின் உடற்கூறு பற்றிய கேள்வி. யாரை நேசிக்கிறார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் சந்தித்தவர் ஒடிசாவின் டூட்டி சந்த். ஹார்மோன் அளவைக் காரணம் காட்டி 2014இல் அவரை ஓட விடாமல் தடுத்தார்கள். அவர் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம்வரை போய் 2015இல் மீண்டும் ஓடும் உரிமையைப் பெற்றார். 2019 மே மாதம் தன் ஊர்ப் பெண் ஒருவரோடு உறவில் இருப்பதைச் சொன்னார். இந்திய விளையாட்டில் அப்படிச் சொன்ன முதல் நட்சத்திரம் அவர். குடும்பத்தில் பூகம்பம். ஜூலையில் இத்தாலியின் நேப்பிள்ஸில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டு. 100 மீட்டரில் தங்கம். உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆவது சட்டப் பிரிவைத் தளர்த்தியிராவிட்டால் டூட்டி வாய் திறந்திருப்பாரா என்பது சந்தேகமே.

நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். மாணவன் ஒருவன் இதைச் சொன்னால் என்ன செய்வது? பெற்றோரிடம் சொல்ல வேண்டுமா?

அவனைக் கேட்காமல் யாரிடமும் சொல்லாதீர்கள். வேல்ஸ் ரக்பி அணித் தலைவராக இருந்தவர் கரேத் தாமஸ். நாட்டுக்காக நூறு ஆட்டங்கள் ஆடிய ஆஜானுபாகுவான ஆள். 2006இல் ஒரு ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் உடைந்து அழுதார். பயிற்சியாளர் ஸ்காட் ஜான்சன் அவரைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டார், தாமஸ் சொன்னார். இதை நீ ஒருவனாகச் சுமக்க முடியாது, அணியில் யாருக்காவது தெரியட்டும் என்றார் ஜான்சன். தாமஸின் சம்மதத்தோடு ஸ்டீஃபன் ஜோன்ஸ், மார்ட்டின் வில்லியம்ஸ் என்ற இரண்டே பேரிடம் விஷயம் போனது. அன்று மாலை அவர்கள் வந்து தோளில் தட்டினார்கள், அவ்வளவுதான். பொதுவெளியில் தாமஸ் சொன்னது மூன்று ஆண்டு கழித்து, 2009 டிசம்பரில், தனக்கு வசதிப்பட்ட நேரத்தில். இடைப்பட்ட காலத்தில் தெரிந்த யாரும் அதைப் பத்திரிகைக்குக் கொண்டுபோகவில்லை.

உங்கள் மாணவன் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, வேறு யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறாய் என்பதை. வீட்டில் தெரிந்தால் அடி விழுமா, படிப்பு நிற்குமா என்பதையும் கேளுங்கள். அணியில் இடத்தை மாற்றாதீர்கள்; வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது தனி அறை என்று ஒதுக்காதீர்கள். ‘சரிப்படுத்த’ டாக்டரிடமோ சாமியாரிடமோ அழைத்துப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தடுங்கள். அப்படி ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைக்குத் தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் உத்தரவிட்டிருக்கிறார். அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், அதைச் செய்யும் மருத்துவர் தொழில் ஒழுக்கம் தவறியவராகக் கருதப்படுவார் என்று அறிவித்துவிட்டது. இந்தத் தகவலைப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், எந்த மாணவன் பெயரும் அடிபடாத ஒரு சாதாரண நாளில், நீங்களே சொல்லி வைக்கலாம்.